ரிமோட் வேலை விசாவில் வெளிநாடு: கம்பெனி அனுமதி முதல் விசா புதுப்பிப்பு வரை முழுமையான வழிகாட்டி

டிஜிட்டல் நோமாட் விசாவை, அதாவது ரிமோட் வேலை விசாவைத் தேடுகிறவர்களில் பலர் முதலில் நாட்டைத்தான் முடிவு செய்கிறார்கள். லிஸ்பனா, பாலியா, பாங்காக்கா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, வருமான வரம்பைத் தேடி, ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கி, கடைசியில்தான் கம்பெனியிடம் போய் "நான் அங்கிருந்து வேலை பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். திட்டம் கவிழ்வது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான். அதனால் இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகிறது. முதலில் சம்பளம் கொடுப்பவர், அப்புறம் பாஸ்போர்ட்டும் வரியும், அதன் பிறகே நாடு. ஆவணங்கள் அதற்கும் பின்னால்.

இந்த விசா எதை அனுமதிக்கிறது

உங்கள் வருமானம் ஒரு நாட்டிலிருந்து வருகிறது, நீங்கள் இன்னொரு நாட்டில் தங்குகிறீர்கள். இதைச் சட்டப்படி செய்ய வழி விடுவதுதான் இந்த விசா. கொரோனா காலத்தில் சுற்றுலா வருமானம் நின்றுபோன நாடுகள் இதை வேகமாகக் கொண்டுவந்தன. பார்படாஸ் 2020 ஜூலையில் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்ற பெயரில் தொடங்கியது, அடுத்த மாதமே எஸ்டோனியாவும் வந்தது. இன்று ஐரோப்பா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எல்லாப் பக்கமும் இது இருக்கிறது.

உள்ளூர் கம்பெனியில் வேலைக்குச் சேர இந்த விசா பொதுவாக இடம் தராது. விதிவிலக்குகள் உண்டு. ஸ்பெயினில் ஃப்ரீலான்சராக இருப்பவர் தன் மொத்த வேலையில் 20 சதவீதம் வரை ஸ்பெயின் வாடிக்கையாளர்களுக்குச் செய்யலாம்.

எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சியை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2014 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் ஆன்லைனில் கம்பெனி நடத்த ஒரு டிஜிட்டல் அடையாள அட்டையைத் தருகிறது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்க முடியாது.

"டூரிஸ்ட் விசாவிலேயே போய் லேப்டாப்பைத் திறந்தால் யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வியும் வரும். சில நாடுகள் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் பார்வையாளர் விசாவில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்ய அனுமதிக்கிறது. பிரிட்டனில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து, வேலை உங்கள் பயணத்தின் முதன்மை நோக்கமாக இல்லாதவரை அனுமதி உண்டு. கனடாவும் ஆறு மாதம் வரை தடுப்பதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம்தான் திட்டம் என்றால் இப்படிப்பட்ட நாடுகளைப் பாருங்கள், தனி விசாவே தேவைப்படாது. மற்ற இடங்களில் குடிவரவு அதிகாரி கேட்கும்போது "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் வேலை செய்வது பொய் சொல்லி உள்ளே நுழைவதுதான். பிடிபட்டால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதையும் எழுதியாக வேண்டும்.

படி 1: கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி

மேலாளர் தலையாட்டினால் போதாது. ஹெச்.ஆர்., சட்டப் பிரிவு, ஐ.டி. மூன்றும் சம்மதிக்க வேண்டும். மூவருக்கும் வெவ்வேறு பயங்கள் இருக்கின்றன. அவை என்னவென்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு சுலபமாக முடியும்.

சட்டப் பிரிவின் பயம் 'நிரந்தர வணிக இடம்'. நீங்கள் அங்கே உட்கார்ந்து கம்பெனி சார்பில் ஒப்பந்தங்களை முடித்தால், கம்பெனியே அங்கே தொழில் நடத்துகிறது என்று அந்த நாட்டு வரித்துறை வாதிடலாம். லாபத்தில் பங்கு கேட்கலாம். விற்பனைப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம், மென்பொருள் எழுதுபவருக்கும் வடிவமைப்பாளருக்கும் குறைவு. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2025 நவம்பரில் தன் மாதிரி வரி ஒப்பந்தத்தின் விளக்கவுரையைத் திருத்தியது. 12 மாதத்தில் மொத்த வேலை நேரத்தின் பாதிக்கும் குறைவாகவே ஒருவர் வெளிநாட்டு வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அந்த வீடு பொதுவாகக் கம்பெனியின் வணிக இடமாகக் கருதப்படாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாகக் கேட்பவர் சட்டப் பிரிவிடம் எடுத்துக்காட்ட இது நல்ல ஆதாரம்.

ஹெச்.ஆரின் பயம் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம். எந்த நாட்டு ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டுவது? இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், சொந்த நாட்டிலேயே தொடர்ந்து கட்டுவதற்கான சான்றிதழ் வாங்க வாய்ப்பு உண்டு. ஸ்பெயினுக்கு ஊழியராக விண்ணப்பிப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் கம்பெனியே ஸ்பெயின் சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பார்கள். ஒரே ஒரு ஊழியருக்காக அதைச் செய்ய எந்தக் கம்பெனியும் துள்ளிக் குதித்து முன்வராது.

ஐ.டி. பிரிவுக்குக் கவலை தரவுகள்தான். வாடிக்கையாளர் தகவலை எந்த நாட்டிலிருந்து திறக்கலாம் என்று ஒப்பந்தங்களில் கட்டுப்பாடு இருக்கும். பல கம்பெனிகள் சில நாடுகளிலிருந்து லாகின் செய்வதையே அடைத்து வைத்திருக்கும். வி.பி.என். போட்டு ஊரில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஆலோசனை சொல்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். வேலை போவதற்கான நேரான காரணம் அது, வரிப் பொறுப்பையும் அது மறைக்காது.

இதைச் சமாளிக்க 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்' வழியாகப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அதாவது, அந்த நாட்டில் இருக்கும் ஓர் இடைநிறுவனம் உங்களைத் தன் ஊழியராகக் காட்டும். சாதாரண வேலை விசாவுக்கு அது சரி. ஆனால் நோமாட் விசா கேட்பது வெளிநாட்டு முதலாளியை. இடைநிறுவனம் உங்களை உள்ளூர் ஊழியராக்கியதும் அந்த நிபந்தனையே உடைந்துபோகும்.

அனுமதி கிடைத்தால் அதைக் கடிதமாக வாங்குங்கள். மொத்த விண்ணப்பத்திலும் அதிக எடை உள்ள தாள் இதுதான். அதில் இருக்க வேண்டிய வரிகள் ஏறக்குறைய இப்படி:

"இவர் 2022 மார்ச் முதல் எங்கள் நிறுவனத்தில் முழுநேர மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றுகிறார். இவருடைய பணி முழுவதையும் கணினியும் இணையமும் கொண்டு எந்த இடத்திலிருந்தும் செய்ய முடியும். இவர் குறிப்பிட்ட அந்த நாட்டிலிருந்து 12 மாதங்களுக்கு இதே பதவியில், இதே சம்பளத்தில் பணியைத் தொடர நிறுவனம் அனுமதிக்கிறது. இவருடைய மாதச் சம்பளம் வரிக்கு முன் இவ்வளவு, வரிக்குப் பின் இவ்வளவு. எங்கள் நிறுவனம் இந்த ஆண்டில் பதிவு செய்யப்பட்டது, பதிவு எண் இது."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சேர்ந்த தேதி, ஏனென்றால் ஸ்பெயின் குறைந்தது 3 மாத வேலை உறவைக் கேட்கிறது, தென் கொரியா அதே துறையில் 1 வருட அனுபவத்தைக் கேட்கிறது. நிறுவனம் பதிவான ஆண்டு, ஏனென்றால் ஸ்பெயினுக்கு அந்த நிறுவனம் குறைந்தது 1 வருடமாக இயங்கியிருக்க வேண்டும். நாட்டின் பெயர் இல்லாமல் "எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்" என்று பொதுவாக எழுதிய கடிதத்தை ஏற்காத தூதரகங்களும் உண்டு. கையெழுத்திடுபவரின் பதவி, தொலைபேசி, அலுவலக மின்னஞ்சல் மூன்றும் இருக்கட்டும். அழைத்துச் சரிபார்ப்பார்கள்.

ஃப்ரீலான்சர் என்றால் கடிதத்தின் இடத்தில் ஒப்பந்தங்களும் இன்வாய்ஸ்களும் வரும். ஒரே வாடிக்கையாளரிடமிருந்துதான் எல்லாப் பணமும் வருகிறது என்றால், அவர் நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். சேமிப்புக் கணக்கு நல்ல பதில்.

படி 2: உங்கள் பாஸ்போர்ட் எந்தக் கதவைத் திறக்கும்

இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பட்டியல்களில் வரும் எல்லா நாடும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. ஜப்பான் 2024 மார்ச் கடைசியில் தொடங்கிய நோமாட் விசா, விசா விலக்கும் வரி ஒப்பந்தமும் சேர்ந்து உள்ள 49 நாடுகள், பகுதிகளின் குடிமக்களுக்கு மட்டும்தான். ஐஸ்லாந்தின் திட்டம் அங்கே போக விசா தேவைப்படாதவர்களுக்கு மட்டும். துருக்கியும் குறிப்பிட்ட நாட்டவரைத்தான் ஏற்கிறது, 21 முதல் 55 வரை என்று வயது வரம்பும் வைத்திருக்கிறது. உங்கள் குடியுரிமை பட்டியலில் இருக்கிறதா என்று அந்த நாட்டின் குடிவரவுத் துறை இணையதளத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் காலாவதி ஆக ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பிப்பது நல்லது. நடுவில் பாஸ்போர்ட் எண் மாறினால் எல்லா ஆவணங்களிலும் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

படி 3: வரிக் கணக்கு

விசா கிடைத்துவிட்டால் வரியும் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு துறைகள். ஒன்று தருவதை இன்னொன்று கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

பொதுவாக ஒரு நாட்டில் 183 நாள் தங்கினால் வரிக் கணக்குக்கு நீங்கள் அந்த நாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். எந்த 12 மாதத்தில் எண்ணுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஸ்பெயின் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணும். போர்ச்சுகல் அந்த ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்த 12 மாதத்தையும் எடுத்துக்கொள்ளும். நிரந்தரமாக வசிக்கும் நோக்கத்தோடு வீடு வைத்திருந்தால் நாள் கணக்கே தேவையில்லை என்றும் சொல்லும். ஆகவே "ஜூலையில் போனால் இரண்டு ஆண்டுகளிலும் 183-ஐத் தாண்டாது" என்ற கணக்கு ஸ்பெயினில் ஓரளவு செல்லும், போர்ச்சுகலில் செல்லாது.

தாய்லாந்தின் நோமாட் விசாவான டி.டி.வி.யைப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்தது, ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் தாய்லாந்தில் ஒரு ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் வரிக் கணக்குக்கு அங்கே வசிப்பவர். 2024 ஜனவரி முதல் சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு. விசா தரும் நாளும் வரி தொடங்கும் நாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. 175-ஆவது நாளில் கிளம்புபவருக்கும் 180-ஆவது நாள் வரை இருப்பவருக்கும் வரிக் கணக்கு வேறு.

சில நாடுகள் தாராளம். குரோஷியா, கோஸ்டா ரிகா, பார்படாஸ் மூன்றும் நோமாட் விசாவில் இருப்பவரின் வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு வரி போடுவதில்லை. துபாயில் தனிநபர் வருமான வரியே கிடையாது. மால்டா நோமாட் வேலை வருமானத்துக்கு 10 சதவீதம் கேட்கிறது. ஸ்பெயினில் ஊழியர்களுக்கு 6 லட்சம் யூரோ வரையான சம்பளத்துக்கு 24 சதவீதம் என்ற சிறப்பு விகிதம் இருக்கிறது. விளையாட்டு வீரர் பெக்காமின் பெயரால் அதை அழைப்பார்கள். ஆனால் வேலை தொடங்கிப் பதிவு செய்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் சாதாரண விகிதம்தான். போர்ச்சுகலின் பழைய வரிச் சலுகை 2024-ல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. பல கட்டுரைகள் இன்னும் அது இருப்பதாகவே எழுதிக்கொண்டிருக்கின்றன.

புதிய நாடு வரி கேட்கவில்லை என்பதால் பழைய நாடு விட்டுவிடும் என்று அர்த்தமில்லை. வீடு, குடும்பம், முதலீடு எல்லாம் பழைய நாட்டிலேயே இருந்தால் அங்கே நீங்கள் இன்னும் வரி செலுத்துபவராகவே இருக்கலாம். இரு நாடும் உரிமை கொண்டாடினால் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் வரிசையாகப் பார்க்கும்: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள், கடைசியில் குடியுரிமை. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே இருந்தாலும் தங்கள் நாட்டுக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இந்தப் படிக்கு மட்டும் காசு கொடுத்து ஒரு வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். விசா ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது உருப்படியான செலவு.

படி 4: இப்போது நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

வருமான வரம்பில் வித்தியாசம் பயங்கரமானது. பிரேசிலும் மொரீஷியஸும் மாதம் 1,500 டாலர் கேட்கின்றன. கோஸ்டா ரிகா 3,000 டாலர், துபாய் 3,500 டாலர். போர்ச்சுகலின் நோமாட் விசாவான டி8-க்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும், 2025-ல் அது 3,480 யூரோ. ஸ்பெயின் இரண்டு மடங்கு கேட்கிறது. மால்டா ஆண்டுக்கு 42,000 யூரோ. மலேசியாவின் டி.இ. ரன்டாவ் பாஸ் தொழில்நுட்பத் துறையினரிடம் ஆண்டுக்கு 24,000 டாலரும் மற்றவர்களிடம் 60,000 டாலரும் எதிர்பார்க்கிறது. இந்தோனேசியாவும் 60,000 டாலர். ஜப்பான் 1 கோடி யென். தென் கொரியா தன் தனிநபர் தேசிய வருமானத்தின் இரண்டு மடங்கைக் கேட்கிறது, 2024-ல் தொடங்கியபோது அது சுமார் 8.5 கோடி வோன். தாய்லாந்து வித்தியாசமாகச் சேமிப்பைப் பார்க்கிறது: 5 லட்சம் பாட்.

குறைந்தபட்சச் சம்பளத்தின் மடங்காகச் சொல்லும் நாடுகளில் இந்த எண் ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறும். விண்ணப்பிக்கும் நாளில் என்ன எண் என்பதுதான் கணக்கு.

இதில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது, வரம்பு வரிக்கு முன்பா பின்பா என்பது. எஸ்டோனியா மாதம் 4,500 யூரோவை வரிக்கு முன் கேட்கிறது. கிரீஸ் 3,500 யூரோவை வரிக்குப் பின் கேட்கிறது. 4,600 யூரோ சம்பளத்தில் பிடித்தம் போக 3,300 கையில் வருகிறவருக்கு, எண்ணில் பெரியதாகத் தெரியும் எஸ்டோனியா திறக்கும், சிறியதாகத் தெரியும் கிரீஸ் மூடும்.

குடும்பம் வருகிறதென்றால் வரம்பு கூடும். கிரீஸ் வாழ்க்கைத்துணைக்கு 20 சதவீதமும் ஒவ்வொரு குழந்தைக்கும் 15 சதவீதமும் கூட்டுகிறது. ஹங்கேரியின் நோமாட் அனுமதியான 'ஒயிட் கார்டில்' குடும்பத்தைச் சேர்க்கவே முடியாது.

எவ்வளவு காலம், அதற்கு மேல் என்ன என்பது அடுத்த கேள்வி. ஜப்பான் 6 மாதம், நீட்டிப்பு இல்லை. முடிந்ததும் வெளியே 6 மாதம் இருந்துவிட்டுத்தான் மறுபடி வர முடியும். எஸ்டோனியா தருவது ஒரு வருட விசா மட்டும், குடியிருப்பு உரிமை அல்ல. ஸ்பெயினில் தூதரகம் வழியாகப் போனால் முதலில் ஒரு வருடம், நாட்டுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பித்தால் மூன்று வருட அனுமதி. போர்ச்சுகலில் டி8-க்குள்ளேயே இரண்டு வகை உண்டு, ஒரு வருடத் தற்காலிகத் தங்கல் ஒன்று, புதுப்பிக்கக்கூடிய குடியிருப்பு அனுமதிக்கு வழி விடும் விசா இன்னொன்று. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் பாருங்கள். ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவருக்கு, வரி இல்லாத குறுகியகால விசாவே லாபம்.

நேர வித்தியாசத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். உங்கள் டீம் நியூயார்க்கில் இருந்து நீங்கள் பாங்காக்கில் இருந்தால், அவர்களுடைய காலை 9 மணி உங்களுக்கு இரவு 8 அல்லது 9. ஒரு வாரம் தாங்கலாம். ஒரு வருடம் இரவு 2 மணிக்கு மீட்டிங் முடிப்பவர் அந்த ஊரைப் பார்க்கப் போவதே இல்லை. நான் நாடு தேர்ந்தெடுப்பவரிடம் முதலில் கேட்பது இதைத்தான், கடற்கரையைப் பற்றி அப்புறம்.

ஐரோப்பாவைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அவற்றில் ஒன்றின் குடியிருப்பு அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை சுற்றலாம். அந்த நாடுகளில் குடியிருக்க அது உரிமை தராது.

படி 5: ஆவணங்கள்

பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி: பாஸ்போர்ட், கம்பெனிக் கடிதம், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று. சில நாடுகளுக்குப் பட்டச் சான்றிதழும் தேவை. ஸ்பெயின் பட்டம் அல்லது மூன்று வருட அனுபவம் கேட்கும். குடும்பம் வந்தால் திருமண, பிறப்புச் சான்றிதழ்கள்.

கஷ்டம் பட்டியலில் இல்லை, தேதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆயுள் உண்டு, அதனால் பின்னோக்கித் திட்டமிடுங்கள். செப்டம்பர் 1 அன்று விமானம் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடிவு வர இரண்டு மாதம் என்றால் ஜூலை தொடக்கத்தில் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றால் ஜூன் தொடக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும். போலீஸ் சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும் என்று அந்தத் தூதரகம் சொன்னால் அது ஏப்ரலுக்கு முன் வாங்கியதாக இருக்கக் கூடாது. ஆனால் அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் மொழிபெயர்ப்பும் சேர மூன்று, நான்கு வாரம் வேண்டும். ஆக, ஏப்ரல் நடுவில் விண்ணப்பித்து மே மாதத்தில் கையில் வாங்குவதுதான் சரியான இடைவெளி. பிப்ரவரியிலேயே சுறுசுறுப்பாக வாங்கி வைத்தவர் மறுபடி வரிசையில் நிற்பார். பட்டம், திருமணச் சான்றிதழ் போன்றவற்றை முதலில் முடியுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கடைசி வாரத்தில் எடுங்கள்.

அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை இன்னொன்று ஏற்க வைக்கும் முத்திரை. இரண்டில் ஒரு நாடு அதில் இல்லையென்றால் தூதரகத்தில் தனியாகச் சான்றளிக்க வேண்டும், அதற்குக் காலம் இன்னும் கூடும். முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நின்றுவிடும்.

விசா அதிகாரி பேங்க் ஸ்டேட்மென்ட்டை எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? கடிதத்தில் ஒரு எண், சம்பளச் சீட்டில் ஒரு எண், வங்கியில் வரவான எண், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். வேறு நாணயத்தில் சம்பளம் வந்தால் மாற்று விகிதத்தால் மாதாமாதம் தொகை மாறும். அப்படியென்றால் ஒரு தாளில் மூன்று நெடுவரிசையாக மாதம், சீட்டுத் தொகை, வரவான தொகை என்று எழுதி இணைத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென்று உள்ளே வந்த பெரிய தொகை கேள்வியைக் கிளப்பும். சொத்து விற்ற பணம் என்றால் அதற்கான பத்திரத்தையும் வையுங்கள். பட்டத்திலும் பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

காப்பீட்டில் மலிவான பயணக் காப்பீடு எல்லா இடத்திலும் செல்லாது. ஸ்பெயின், அங்கே இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் பாலிசியை, நோயாளி பங்கு கட்டத் தேவையில்லாத வகையில் கேட்கிறது. ஜப்பான் 1 கோடி யென் வரை ஈடு செய்யும் பாலிசி கேட்கிறது.

தங்குமிடச் சான்றுதான் எரிச்சலூட்டுவது. பார்க்காத வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போடச் சொல்லும் தூதரகங்கள் இருக்கின்றன. அப்படிப் போட நேர்ந்தால் "விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் வேறு வீடு பாருங்கள். ஹோட்டல் பதிவை ஏற்கும் நாடு என்றால் முதல் மாதம் அதோடு நிறுத்திவிட்டு, நேரில் பார்த்தபின் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

படி 6: கிளம்புவதற்கு முன்

வங்கி ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது? பலர் மறப்பது இதை. பழைய சிம் செத்துப்போனால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வரித்துறை இணையதளம் எல்லாம் பூட்டிக்கொள்ளும். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்து, அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். முடிந்த கணக்குகளை ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். புதிய நாட்டுக்கு இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனம். ஜலதோஷ மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், ட்ரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு. மருத்துவர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும்.

படி 7: போய் இறங்கிய பிறகு

விசா ஸ்டிக்கரோடு வேலை முடிவதில்லை. ஸ்பெயினில் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். போர்ச்சுகலில் குடியிருப்பு விசா நான்கு மாதத்துக்குத்தான், அதற்குள் குடிவரவு முகமை அனுமதி அட்டைக்கான நேர்காணலை நடத்த வேண்டும். பல நாடுகளில் முகவரியைப் பதிவு செய்யாமல் வங்கிக் கணக்கே திறக்க முடியாது. குறுகியகால வாடகை வீடுகளில் பல வீட்டுக்காரர்கள் பதிவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் கேளுங்கள். கைரேகை, அட்டை, வரி எண், முகவரிப் பதிவு, இந்த நான்கையும் முதல் மாதத்தில் முடித்துவிட்டால் மீதி நாள் நிம்மதி.

முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, விமானச் சீட்டின் நகல். வரித்துறை கேட்கும்போது நாள் கணக்கை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். பாஸ்போர்ட் முத்திரையை நம்ப முடியாது, ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் குறுகியகாலப் பயணிகளுக்கு முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள்.

புதுப்பிக்கும்போது, கிளம்பும்போது

புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வருமான வரம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருடம் நூலிழையில் தகுதி பெற்றவர் இரண்டாம் வருடம் வெளியே நிற்கலாம். நடுவில் கம்பெனி மாறியிருந்தால் அதைக் குடிவரவுத் துறையிடம் தெரிவித்ததற்கான ஆதாரத்தையும் வைத்திருங்கள்.

கிளம்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்யுங்கள். வரி எண் இருந்தால் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்து, தொடர்பு முகவரியை மாற்றிவிட்டு வாருங்கள். பதிவை அப்படியே விட்டுவிட்டால் அந்த நாடு இன்னும் உங்களைத் தன் குடியிருப்பாளர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும், அடுத்த வருட வரி நோட்டீஸ் நீங்கள் காலி செய்த வீட்டு முகவரிக்குப் போகும்.